முப்பத்தெட்டுப் பேரின் பெயர்

அன்பு மகனுக்கு,

உன் அப்பா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதும் கடிதம் இது. நான், அம்மா, தங்கை மூவரும் சுகம், என் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை, அது மாவுக்கட்டுக்குள் இருக்கிறது, பயப்படும்படி ஒன்றுமில்லை, எப்படி உடைந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஐந்து மாதமாக அதை உன் வாயால் கேட்கவில்லை. அம்மாவின் போனில் நீ பேசும்போது சமையலறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று காதில் விழுந்ததை வைத்துத்தான் உனக்குச் சளி பிடித்தது, வீடு மாற்றியது எல்லாம் தெரியும். (அண்ணா, நான் தங்கை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான் சேர்ப்பது. சேர்க்கலாமா என்று கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். என்ன சேர்க்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரியாது, ஏனென்றால் மணிக்கட்டு உடைந்த அன்றே அவருடைய கண்ணாடியும் உடைந்துவிட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார் என்பது முழு உண்மையில்லை. கதவில் சாய்ந்து நின்றார், ஒரு நாள் அம்மா வேண்டுமென்றே கதவைத் திறந்துவிட்டதில் உள்ளே வந்து விழப் பார்த்தார்.)

வீட்டுச் சேதி முதலில். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள், அந்த அறையில் இப்போது உன் தங்கையின் புத்தகங்கள் குடியிருக்கின்றன. அம்மாவுக்குப் பள்ளிச் சீருடைத் தையல் வேலை மலைபோல் வந்திருக்கிறது, முதுகு வலிக்கிறது என்கிறாள், நாற்காலியை மாற்று என்றால் ராசியான நாற்காலி என்கிறாள். உன் சித்தப்பா வழக்கம்போல வாரத்துக்கு இரண்டு நாள் வந்து சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் கம்மி என்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு ஆறு வாரம் விடுப்பு. முப்பத்தோரு வருஷத்தில் இவ்வளவு நாள் நான் வீட்டில் உட்கார்ந்ததில்லை. என்னுடைய தெருக்களில் ஒரு சின்னப் பையனைத் தண்ணீர் மீட்டர் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள், தபால்காரர் வீட்டு மீட்டர் செடிக்குள் மறைந்திருக்கும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து மாதத்துக்கு முன் நீ போனில் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்ததையும், ஜன்னலுக்குள் இருந்தவர் நம் குடும்பப் பெயரைக் கூப்பிட்டதும் நீயும் அவளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றதையும், இருவரும் அது என் பெயர் என்று சண்டைக்குப் போனதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். கண் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறாள், துறைமுக ஊர்க்காரி, அவளைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறேன் என்றாய். நான் சிரிக்கவில்லை. "அந்தப் பேரு வச்சிருக்கிற எல்லாரும் ஒரே ரத்தம்டா, அவ உனக்குத் தங்கச்சி முறை, இதைச் சொல்ல உனக்கு வெட்கமா இல்ல?" என்று கேட்டேன். அதற்கு நீ, "ஒரே ரத்தம்னு நிரூபிச்சுக் காட்டுங்க, விட்டுடறேன். இல்லேன்னா இருபதாம் தேதி வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க" என்று தேதியையும் மாதத்தையும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அதோடு சரி. அந்த இருபதாம் தேதிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்தக் கடிதம் அதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் அலுவலகத்தில் உறுதியாகச் சொன்னார்கள்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். என் அப்பா எனக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன். நம் முன்னோர்கள் ஒரு கோட்டையின் காவல் குடும்பம், அந்தப் பொறுப்புக்காகக் கிடைத்தது இந்தப் பெயர், அதனால்தான் வேறு யாருக்கும் இல்லை. இதை நான் வெறும் கதையாக நம்பவில்லை. பதினோராயிரம் வீட்டு மீட்டர் அட்டைகளில் வீட்டுக்காரர் பெயரைப் படித்திருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரின் குடும்பப் பெயர் ஒரு தெருவுக்கு நாலு வீட்டில் இருக்கும். நம் பெயர் என் வீட்டு அட்டையிலும் சித்தப்பா வீட்டு அட்டையிலும் தவிர இன்றுவரை ஒரு அட்டையிலும் இல்லை. அபூர்வமான பொருள் என்றால் விலை உயர்ந்ததாகத்தான் இருக்கும் என்று என் மனதில் பதிந்துவிட்டது. (அம்மா, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிலிருந்தே, அப்பா வேலை முடிந்து சேற்றுக் காலோடு வரும்போது, "கோட்டைக்காரர் வந்தாச்சு, காலைக் கழுவிட்டு உள்ளே வரச் சொல்லு" என்பார். உனக்கு ஞாபகம் இருக்கும்.)

உன் தங்கையை நான்தான் இதில் இறக்கிவிட்டேன். "நீ பெரிய வாத்தியாரம்மா ஆச்சே, நம்ம பேரோட பூர்வீகத்தை ஆதாரத்தோட எழுதிக் கொண்டா, உன் அண்ணன் முன்னால எடுத்து வைக்கலாம்" என்றேன். அவளும் அப்போது என் கட்சிதான். (ஆமாம் அண்ணா, மன்னித்துவிடு. அறிவியலில் எதையும் முன்கூட்டியே முடிவு செய்யக் கூடாது என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார், ஆனாலும் கோட்டை என்றால் எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.) முதலில் அகராதிகள். நூலகத்தில் இருந்த நாலு அகராதிகளிலும் நம் பெயர் இல்லை. பிறகு வாக்காளர் பட்டியல். பள்ளிக்கூடக் கணினியில் ஒன்பது நாள் மதிய இடைவேளையில் உட்கார்ந்து நாடு முழுவதும் தேடிவிட்டாள். நம் குடும்பப் பெயர் உள்ள வாக்காளர்கள் மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். இவ்வளவு பெரிய நாட்டில் முப்பத்தெட்டே பேர்! ஒரு பேருந்தில் எல்லோரையும் உட்கார வைத்துவிடலாம், சித்தப்பாவுக்கு ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் சண்டை வரும், அவ்வளவுதான். அந்த முப்பத்தெட்டுப் பேரும் நாலே ஊரில் இருக்கிறார்கள். துறைமுக ஊரில் பதின்மூன்று, ரயில் சந்திப்பு இருக்கும் ஊரில் பன்னிரண்டு, மலையோர ஊரில் எட்டு, இங்கே நாம் ஐந்து. ஐந்து என்பது நான், அம்மா, நீ, சித்தப்பா, சித்தி. (நான் இல்லை. எனக்கு இன்னும் ஓட்டு இல்லை. வரைபடத்தில் முப்பத்தெட்டுக் குண்டூசி குத்திவிட்டு எனக்காகப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டேன்.)

பிறகு மற்ற மூன்று ஊருக்கும் ஒவ்வொரு கடிதம் போட்டாள். உங்களுக்குத் தெரிந்த மிக மூத்தவர் யார், அவர் என்ன வேலை பார்த்தார், இந்தப் பெயர் எப்படி வந்தது என்று மூன்று கேள்விகள், பதிலுக்குத் தபால்தலை ஒட்டிய உறையும் உள்ளே. மூன்று பதிலும் வந்தன. படித்துக் காட்டச் சொல்லி ஆசையோடு உட்கார்ந்தேன். துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவர், நாங்கள் கப்பல் தலைவர்களின் வம்சம், கடலுக்கு அப்பால் ஒரு தீவே எங்கள் பெயரில் இருந்தது என்று எழுதியிருந்தார். மலையோரத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவர், ஒரு சிகரத்தின் பெயர்தான் எங்கள் பெயர் என்றார். ரயில் ஊரில் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர் ஒரு அம்மா, அவர் மட்டும் அடக்கமாக, "எங்கப்பா அரண்மனை வைத்தியர் வம்சம்னு சொல்லுவார், நான் அதை அரண்மனையைப் பார்த்தப்புறம் நம்பலாம்னு வச்சிருக்கேன்" என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "கோட்டையைத் திருடினதுமில்லாம அதைக் கப்பலாவும் மலையாவும் மாத்திட்டானுங்க" என்று கத்தினேன். அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, "உங்க கோட்டைக்கு மட்டும் பட்டா இருக்கா?" என்று கேட்டாள்.

ஆனால் மூன்று கடிதத்திலும் ஒரு விஷயம் இருந்தது. வீட்டில் உங்களுக்கென்று வழக்கம் ஏதாவது உண்டா என்று உன் தங்கை கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள். நீ நம் வீட்டு வழக்கத்தை மறந்திருக்க மாட்டாய். சாப்பிட்டு முடித்ததும் அவரவர் தட்டை அவரவர் கழுவி, கவிழ்த்து வைத்து, விரல் முட்டியால் அதன் முதுகில் இரண்டு தடவை தட்ட வேண்டும். ஏன் என்று என் அப்பாவைக் கேட்டால் "தட்டுடா" என்பார், நீ கேட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன். கல்யாணமாகி வந்த புதிதில் உன் அம்மா இதைப் பார்த்துப் பயந்து தன் அண்ணனுக்கு எழுதியிருக்கிறாள். சரி, அந்த மூன்று வீட்டிலும் இதே வழக்கம்! எஞ்சின்காரர் வீட்டில் இரண்டு தட்டு, ரொட்டிக் கடையில் இரண்டு தட்டு, டிக்கெட் அம்மா வீட்டிலும் இரண்டு தட்டு. அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள், அந்தப் பெண்ணும் உன் வீட்டில் முதல் தடவை சாப்பிட்டபோது தட்டைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டினாளாம், நீ கையிலிருந்த தண்ணீரைக் கீழே விட்டாயாம், அதைச் சொன்னால் எனக்கு ஆதாரம் கொடுத்ததாகிவிடும் என்று நீயும் அம்மாவும் மறைத்து வைத்திருந்தீர்களாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். "பாத்தியா, ஒரே ரத்தம், ஒரே அடுக்களை, இனி என்ன ஆதாரம் வேணும்?" என்றேன். அன்று முழுக்க நான் ஜெயித்தவன் மாதிரி நடமாடினேன். மாலையில் உனக்குப் போன் செய்ய எண்ணைக்கூட எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கை ஓடவில்லை. ஜெயித்ததை யாரிடம் சொல்வது, தோற்றது நீயாக இருக்கும்போது? (இதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.)

உன் தங்கை மட்டும், "ஒரே வழக்கம்னா ஒரே ரத்தம்னு அர்த்தமில்லப்பா, ஒரே இடம்னு அர்த்தம்" என்று சொல்லி டிக்கெட் அம்மாவுக்கு இன்னொரு கடிதம் போட்டாள். அந்த அம்மா பதிலில், தன் தாத்தாவுக்கு வயதான காலத்தில் ஒரே ஒரு ஞாபகம் திரும்பத் திரும்ப வரும் என்றும், நம் ஊரில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உயரமான மதில் சுவரும் வட்ட ஜன்னலும் உள்ள பெரிய வீடு, அதன் சமையல்கூடம், இவற்றைப் பற்றியே பேசுவார் என்றும் எழுதியிருந்தார். வட்ட ஜன்னல் என்று உன் தங்கை படித்ததும் எனக்கு இடம் புரிந்துவிட்டது. அந்த வீட்டின் மீட்டர் எண் எனக்கு மனப்பாடம். சமையல்கூடத்துப் பின்சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அங்கே குனிந்து எழுந்திருக்கிறேன். இப்போது அது பெண்களுக்கான தையல் பயிற்சிப் பள்ளி. மறுநாள் காலையே உன் தங்கையைக் கூட்டிக்கொண்டு போனேன். பொறுப்பாளர் அம்மா, "மீட்டர் சார், போன வாரம்தானே வந்தீங்க, அதுக்குள்ளயா தண்ணி அவ்வளவு ஓடிடுச்சு?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அந்த வீட்டுப் பழைய பதிவேட்டுக் கட்டுகள் கூடத்துப் பீரோ மேலே கிடக்கின்றன, யாரும் இறக்கியதில்லை, ஆளை வரச் சொல்கிறேன் என்றார். நான் ஆளுக்குக் காத்திருப்பேனா? முக்காலியில் ஏறினேன். கட்டு கைக்கு வந்தது, முக்காலியின் ஒரு கால் எனக்கு முன்னால் இறங்கிவிட்டது.

(அண்ணா, இதற்கு மேல் என்னையே எழுதச் சொல்லிவிட்டு அப்பா முற்றத்துக்குப் போய்விட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், இடது கையால், பாதி செருப்பில் விழுகிறது. இனி அவர் திரும்பி வரும்வரை அடைப்புக்குறி தேவையில்லை என்று நினைக்கிறேன்.)

அப்பா விழுந்தபோது பதிவேட்டை இடது கையால் மார்போடு பிடித்துக்கொண்டார், வலது கையை ஊன்றிவிட்டார், அதுதான் முறிந்தது. துணி வெட்டும் பெரிய மேஜையில் அவரைப் படுக்க வைத்தார்கள். பொறுப்பாளர் அம்மா ஆட்டோவுக்குச் சொல்லி அனுப்பினார். அப்பா, "முதல்ல அதைப் படி, ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். கண்ணாடி நொறுங்கிப் போனதால் அவரால் படிக்க முடியவில்லை. அதனால் நான் சத்தமாகப் படித்தேன். கூடத்தில் நாற்பது தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. எல்லா அக்காக்களும் கேட்டார்கள். அப்பாவின் கோட்டை நாற்பது பேருக்கு முன்னால்தான் இடிந்தது, அதை நான்தான் என் வாயால் இடித்தேன்.

அது பெற்றோர் இல்லாத பிள்ளைகளை வளர்த்த இல்லம். பதிவேட்டில் ஒன்பது பையன்கள். எண், பெயர், வயது, கிடைத்த இடம், கொடுத்த வேலை என்று கட்டங்கள். குடும்பப் பெயர் என்ற கட்டம் முதலில் எல்லோருக்கும் காலியாக இருந்திருக்கிறது, பின்னால் வேறு நிற மையில், ஒரே நாளில், ஒன்பது பேருக்கும் நம் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. நாலாம் எண் பையன்தான் துறைமுகத்து எஞ்சின்காரர் சொன்ன மூத்தவர். அவனுக்கு நேரே, "கவிழ்ந்த படகிலிருந்து மீட்கப்பட்டவன், ஐந்து வயது இருக்கலாம், அவன் பேசும் மொழி இங்கே யாருக்கும் புரியவில்லை" என்று இருந்தது. ஏழாம் எண், அப்பாவின் தாத்தா. "ரயில் நிலையத்தில் மூட்டைகளுக்கு நடுவே இருந்தான், மூன்று வயது இருக்கலாம், ஒரு காலில் மட்டும் செருப்பு." வேலைக் கட்டத்தில், பெரியவனான பிறகு, வாசல் கதவைத் திறந்து மூடுவது. ஒரு பக்க ஓரத்தில், உயரமான மதிலைப் பார்த்துப் பையன்கள் இந்த வீட்டைக் கோட்டை என்று அழைக்கிறார்கள் என்றும் ஒரு குறிப்பு இருந்தது.

கடைசிப் பக்கங்கள் இல்லத் தலைவரின் கையெழுத்து. அதில் இரண்டு குறிப்புகளை அப்படியே நகல் எடுத்துக்கொண்டேன். ஒன்று: "குடும்பப் பெயர் இல்லாத பிள்ளைகளைச் சேர்க்க இயலாது என்று பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அழைத்துப் போயிருந்த சமையற்கார அம்மாள் திரும்பி வந்து, என் பெயர் சும்மாதானே கிடக்கிறது, ஒன்பது பேருக்கும் அதையே எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அவர் வெகு தொலைவிலிருந்து தனியே வந்தவர். பிள்ளைகளோ உறவினரோ இல்லை. எழுதிக்கொண்டேன்." இன்னொன்று: "சாப்பிட்டு முடித்த பையன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து இரண்டு முறை தட்ட வேண்டும் என்பது அடுப்படியில் அந்த அம்மாள் வைத்திருக்கும் விதி. ஒன்பதாவது தட்டின் ஓசையும் காதில் விழுந்த பிறகே அவர் தனக்குப் பரிமாறிக்கொள்கிறார்."

ஆக, அண்ணா, நம் பெயர் ஏன் அபூர்வம் என்பதற்கு விடை இதுதான். அப்போது இந்த நாட்டிலேயே அந்தப் பெயருக்கு அநேகமாக ஒரே ஓர் ஆள்தான் இருந்திருக்கிறார். அவரோடு முடிந்திருக்க வேண்டிய பெயர் அது. அவருடைய சொந்தப் பெயரைப் பதிவேடு முழுக்கத் தேடினேன், எங்கேயும் சமையற்கார அம்மாள் என்றுதான் இருக்கிறது. அவர் கொடுத்த பெயர் மட்டும்தான் நமக்குத் தெரியும். ஒன்பது பேரில் நாலு பேரின் வழியில் வந்தவர்கள்தான் முப்பத்தெட்டுப் பேரும். மற்ற ஐந்து பேர் என்ன ஆனார்கள் என்று இனிமேல்தான் தேட வேண்டும்.

நான் படித்து முடித்ததும் முன்வரிசை அக்கா ஒருவர், "அப்போ மீட்டர் சார், நீங்க இந்த வீட்டுப் பிள்ளையா?" என்று கேட்டார். அப்பா மேஜையில் படுத்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை வலியா, வேறு வலியா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டோ வந்து, அவரை வாசல் வழியாகக் கூட்டிப் போனபோது நின்றுவிட்டார். அந்த இரும்புக் கதவைத் தானே இடது கையால் இழுத்து மூடிவிட்டுத்தான் ஏறினார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் யாரிடமும் அதிகம் பேசவில்லை. சித்தப்பா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "போகட்டும் விடுண்ணே, அந்தக் கோட்டையில எனக்கு நீ பங்கே குடுத்ததில்ல" என்றதற்குக்கூடத் திட்டவில்லை. மூன்றாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கவிழ்த்துத் தட்டினார், பிறகு நகராமல் அம்மாவும் நானும் தட்டும்வரை அங்கேயே நின்றார். நாங்கள் தட்டினோம். இன்னும் நின்றார். அம்மாதான் மெல்ல, "அவன் தட்டற சத்தம் இங்க கேக்காதுங்க, கடிதாசி போடுங்க" என்றார். அப்பா வருகிறார்.

என்ன எழுதினாய் என்று கேட்டேன், உள்ளதை எழுதினேன் என்கிறாள். சரி. உள்ளது உள்ளபடியே இருக்கட்டும்.

மகனே, நிரூபித்துக் காட்டுங்கள் என்றாய். என்னால் முடியவில்லை. உன் கொள்ளுத்தாத்தாவும் அந்தப் பெண்ணின் முன்னோரும் வேறு வேறு திசையிலிருந்து வந்து ஒரே அடுப்படியில் சாப்பிட்டவர்கள், அவ்வளவுதான். அவர்கள் அண்ணன் தம்பி போல வளர்ந்திருப்பார்களே என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். வளர்ந்திருப்பார்கள். ஆனால் நாலு தலைமுறை கடந்து, பெயர் கூப்பிட்ட இடத்தில் எழுந்து நிற்கிற இரண்டு பேரை அது அண்ணன் தங்கையாக்கிவிடாது என்று எனக்கே தெரிகிறது. இன்னும் ஒன்றை நினைத்தபோதுதான் என்னால் சாப்பிட முடியவில்லை. பெயர் இல்லை என்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இனி ஒரு வாசலிலும் திருப்பி அனுப்பக் கூடாது என்றுதான் அந்த அம்மா தன் பெயரைக் கொடுத்தார். அதே பெயரைக் காட்டி நான் ஒரு பெண்ணை என் வாசலில் திருப்பி அனுப்பினேன். முகம் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல். அவள் அன்று உன் பக்கத்திலேயே இருந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டாள் என்று அம்மா சொன்னாள். அவளிடம் என்ன சொல்லிச் சமாதானம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறோம், நாலாம் எண்ணை அவளிடம் காட்டு, அதை முதலில் பார்க்கும் உரிமை அவளுக்குத்தான். துறைமுகத்தில் இருக்கும் அவளுடைய வீட்டாருக்கு இன்னும் எழுதவில்லை. கப்பல் தலைவர் போய்விட்டார் என்ற செய்தியை எஞ்சின்காரருக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அவளிடமே கேட்டுச் சொல். எனக்கு அதில் அனுபவம் இருக்கிறது, அவசரப்படக் கூடாது.

கோட்டை போனதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. நேற்று காலை பல் விளக்கும்போது, ஒரு காலில் செருப்பில்லாத மூன்று வயதுக் குழந்தையை நினைத்துக்கொண்டேன். அவன் பெரியவனாகி, அந்தக் கதவைத் திறந்து மூடி, தன் பிள்ளைக்கு நான் கோட்டைக் காவல்காரன் என்று சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, மீதியைச் சொல்லாமல் விட்டான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். (அம்மா உள்ளேயிருந்து, "அப்பாடா, காவல்காரர் மட்டும் உண்மைதான்னு ஆயிடுச்சு, இனி வாசக் கதவை ராத்திரி நீங்களே பூட்டுங்க" என்கிறார். அப்பா சிரித்துவிட்டார், ஐந்து மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. அண்ணா, இன்னொரு விஷயம், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், கல்யாணமானாலும் முப்பத்தெட்டு முப்பத்தெட்டாகவே இருக்கும், ஏனென்றால் அண்ணி துறைமுகத்துப் பதின்மூன்றில் ஏற்கெனவே இருக்கிறார். அவர் இதற்காக எந்தப் படிவத்திலும் பெயரை மாற்ற வேண்டியதில்லை. வரைபடத்தில் இரண்டு குண்டூசிகளுக்கு நடுவே ஒரு நூல் மட்டும் கட்டினேன், அம்மாவின் சிவப்பு நூல்.)

தேதியை மாற்றாதே. மாவுக்கட்டைப் பதினொன்றாம் தேதி பிரிக்கிறார்கள், இருபதாம் தேதிக்கு நாங்கள் மூவரும் அங்கே இருப்போம். சித்தப்பாவும் வருகிறேன் என்கிறான், அங்கே சாப்பாட்டில் உப்பு எப்படி என்று விசாரிக்கச் சொன்னான். குளிர் அதிகம் என்கிறார்களே, அம்மாவுக்குக் கனமான மேல்சட்டை அங்கேயே வாங்கலாமா, இங்கேயே தைத்துக்கொள்ளலாமா என்று எழுது, தைத்துக்கொள்கிறேன் என்றுதான் அவள் சொல்வாள், நீ வாங்கிவிடு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கோபம் வந்தால் போனை வைத்துவிடுகிற குணம் என்னிடமிருந்து உனக்கு வராமல் இருக்கட்டும், உங்கள் இருவர் வாழ்க்கையில் எது குறைந்தாலும் பேச்சு குறையாமல் இருக்கட்டும். நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, நிறைந்த மனதோடு, வருகிறவர்களை வாசலில் நிறுத்தாத வீடாக வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

மறக்காமல் ஒரு காரியம் செய். என் கண்ணாடி உடைந்து ஒரு வாரமாகிறது. கண்ணாடிக் கடைக்குப் போகலாம் வாருங்கள் என்று அம்மா தினமும் கூப்பிடுகிறாள், நான் போகவில்லை. கண் பார்க்கத் தெரிந்தவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குப் போக வேண்டும்? அங்கே வந்ததும் மருமகளிடமே காட்டிக்கொள்கிறேன் என்று அவளிடம் சொல். அதுவரை எனக்கு வருவதையெல்லாம் உன் தங்கையே படித்துக் காட்டட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா

(கையெழுத்து அப்பாவே இடது கையால் போட்டது. குடும்பப் பெயரையும் முழுதாக எழுதினார், அதனால்தான் கோணல். பிறகு, மேலே அந்தப் பெண் என்று வந்த இடத்திலெல்லாம் மருமகள் என்று திருத்தச் சொன்னார். அடித்துத் திருத்தினால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் இருவரும் படிக்கும்போது திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.)